மரை பொருந்திய ஃபில்டர்: ஒரு டீசல் பிக்கப்பில் கூடிய ஆயிலும் குறைந்த அழுத்தமும்

"அண்ணா, ஊற்றாமலே ஆயில் கூடியிருக்கிறது" என்று தம்பி தொலைபேசியில் சொன்னபோது அவன் குரலில் கவலையே இல்லை. வண்டி ஆயில் குடிக்கவில்லை என்பது அவனுக்கு நல்ல செய்தி. எனக்கோ பகீரென்றது. ஓடுகிற என்ஜினில் ஆயில் குறையலாம், அதே அளவில் நிற்கலாம். கூடுகிறது என்றால் ஆயில் அல்லாத ஏதோ ஒன்று உள்ளே இறங்குகிறது என்று பொருள். ரேடியேட்டர் தண்ணீராக இருக்க வேண்டும், இல்லையென்றால் டீசலாக இருக்க வேண்டும். "இனி சாவியைத் திருப்பாதே, நான் வருகிறேன்" என்றேன்.

வாகனப் பராமரிப்பே என் பிழைப்பு. அடுத்த சில வாரங்களில் அந்த பிக்கப்பில் பார்த்ததையும் அளந்ததையும் வரிசையாக எழுதுகிறேன். ஆயில் டப்பாவின் மேல் உள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது, மரை (திருகிப் பூட்டும் புரி) பொருந்துகிறது என்பதற்காக ஒரு ஃபில்டரை மாட்டுவது, இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு நல்ல என்ஜினை எந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடும் என்பதை இந்த ஒரு வண்டியிலேயே முழுமையாகப் பார்க்க முடிந்தது.

வண்டியும் அதன் அன்றாடமும்

நான்கு சிலிண்டர், காமன் ரெயில், டர்போ டீசல் என்ஜின். புகைபோக்கிப் பாதையில் கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. ஓடியிருந்த தூரம் 1,18,400 கி.மீ. ஃபில்டரையும் சேர்த்து 6.5 லிட்டர் ஆயில் பிடிக்கும். தம்பி கட்டுமான வேலைக்காக வைத்திருக்கிறான். சிமெண்ட் மூட்டை, குழாய், டைல்ஸ் என்று ஏற்றிக்கொண்டு 5 முதல் 8 கி.மீ. ஓட்டம், இறக்கும் வரை நிறுத்தம், மறுபடி ஓட்டம். வேலை நடக்கும் இடங்கள் எல்லாம் புழுதி. நீண்ட சாலையில் ஒரே சீராக ஓடும் நாள் மாதத்தில் ஒன்றிரண்டுதான்.

இந்த அன்றாடத்தை முதலில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஆயில் தேர்வு பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி ஒரு நாளில் என்ன செய்கிறது?" என்பதுதான். அதற்குப் பதில் தெரியாமல் எந்த டப்பாவையும் சிபாரிசு செய்ய முடியாது.

புகார்கள் நான்கு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்ற சத்தம். சுமையோடு ஏறிவிட்டு வந்து ஐடிலிங்கில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கி மினுக்கி எரிவது. டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி வருவது. கடைசியாக, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டையும் தாண்டி நின்ற ஆயில்.

இதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். ஆயில் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். ஆயிலைக் கெட்டியாக்கும் சேர்மானம் ஒரு டப்பா ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், கூடியதை மட்டும் கீழே இறக்கிவிட்டு ஓட்டு என்றார். மூன்றில் இதுதான் ஆபத்தானது. அளவு சரியாகிவிட்டதாகக் கண்ணுக்குத் தெரியும், உள்ளே கலந்திருப்பது கலந்தபடியே இருக்கும்.

கைப்பெட்டியில் இருந்த பில்கள்

கடைசி மூன்று சர்வீஸ்களின் பில்களைத் தம்பி பத்திரமாக வைத்திருந்தான். மூன்றும் ஒரே பட்டறை, ஏறக்குறைய 28,000 கி.மீ. ஓட்டம். மூன்று முறையும் ஊற்றியது 15டபிள்யூ-40, ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) வகுத்த சிஐ-4 தரம். கனரக டீசல் என்ஜின்களுக்கான ஆயில், அதற்குரிய இடத்தில் நல்ல ஆயிலும்கூட. ஃபில்டர் என்ற இடத்தில் "ஆயில் ஃபில்டர் - 1" என்று மட்டும் இருந்தது. எந்த ஃபில்டர், என்ன பாக எண் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

வண்டியின் கையேட்டைத் திறந்தோம். "5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3" என்று ஒரே வரி (ஏசிஇஏ என்பது ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கம், சி3 அது வகுத்த ஆயில் தரம்). அதன் கீழே, அதிகச் சுமையும் வெப்பமும் உள்ள இடங்களில் அதே சி3 தரத்தில் 5டபிள்யூ-40 ஊற்றலாம் என்ற அனுமதி. எல்லோரும் இந்த வரியின் முதல் பாதியைப் படிக்கிறார்கள். இரண்டாம் பாதியை யாரும் படிப்பதில்லை. எனக்கு இதில் மெய்யாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் என்ஜினின் ஆயுள் அந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது.

முதல் பாதியில் இருப்பது பாகுத்தன்மை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்ற கணக்கு. 5டபிள்யூ என்பது குளிரில் எவ்வளவு எளிதாக என்ஜின் சுழலும், ஆயில் பம்ப்புக்கு எவ்வளவு எளிதாக வந்து சேரும் என்பதைச் சொல்கிறது. 30 என்பது 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எந்த வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பது: 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 12.4 உள்ள ஒரு 30க்கும் 12.6 உள்ள ஒரு 40க்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு கிடையாது.

தம்பி கேட்டான்: "அப்படியானால் எந்த 5டபிள்யூ-30 வாங்கினாலும் சரிதானே, அண்ணா?"

சரியில்லை. பேரிங்குக்கும் கிராங்க் தண்டுக்கும் நடுவில் ஆயில் படும் பாட்டை 100 டிகிரியில் சும்மா வடியவிட்டு அளந்துவிட முடியாது. அதற்காக 150 டிகிரியில், மிக வேகமான உராய்வுக்கு நடுவில் பாகுத்தன்மையை அளக்கும் வேறொரு சோதனை இருக்கிறது. சி3 தரத்தில் அந்த அளவு 3.5 மில்லிபாஸ்கல் விநாடிக்குக் குறையக்கூடாது. எரிபொருள் சிக்கனத்தை முன்வைத்து வந்த சி2 தரத்தில் 2.9 இருந்தால் போதும். சி5 இன்னும் கீழே, 2.6க்கும் 2.9க்கும் நடுவில். 2016 டிசம்பரில் அறிமுகமான இரண்டு கனரக டீசல் தரங்களிலும் இதே பிரிவினைதான்: ஏபிஐ சிகே-4க்குக் குறைந்தது 3.5, எஃப்ஏ-4க்கு 2.9 முதல் 3.2 வரை. ஆக, "5டபிள்யூ-30" என்று ஒரே எண் தாங்கிய டப்பாக்களிலும் வெவ்வேறு வலிமையுள்ள படலம் இருக்கலாம். மெல்லிய படலத்துக்காகவே வடிவமைத்த என்ஜினில் மெல்லிய ஆயில் சிறப்பாக ஓடும். சிமெண்ட் ஏற்றிக்கொண்டு போகும் இந்த என்ஜினின் பேரிங் இடைவெளிகள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

தரத்தின் இன்னொரு பக்கம் சாம்பல். ஆயிலில் உள்ள கால்சியம், மக்னீசியம், துத்தநாகச் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பலாக மிஞ்சும். சி3 தரத்தில் அது 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சிகே-4 தரத்தில் வரம்பு 1 சதவீதம். 2002இல் வந்த சிஐ-4 தரத்தில் இப்படியொரு வரம்பே கிடையாது. கனரக டீசல் ஆயிலில் சாம்பலுக்குக் கடிவாளம் வந்தது அதற்கு அடுத்த தரமான சிஜே-4இல், 2006இல், டிபிஎஃப் வரப்போகிறது என்பதால்தான். பட்டறை ஊற்றிய ஆயிலின் விவரத்தாளில் சாம்பல் 1.4 சதவீதம் என்று இருந்தது.

டிபிஎஃப்புக்குள் சேரும் கரி எரிந்துவிடும். சாம்பல் எரியாது. அது அங்கேயே தங்கி, கரிக்கு உள்ள இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும்.

அளந்து பார்த்தது

டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்தேன். மேல் கோட்டுக்கு மேலே 12 மி.மீ. வரை ஆயில். இரண்டு கோடுகளுக்கும் நடுவே 25 மி.மீ., அது 1 லிட்டருக்குச் சமம். எனவே ஏறக்குறைய அரை லிட்டர் கூடுதல். முகர்ந்தால் டீசல் வாடை தெளிவாகவே வந்தது. பால் போன்ற நுரையோ சகதியோ இல்லை. ரேடியேட்டர் தண்ணீரும் அளவில் குறையவில்லை.

டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, சம்பின் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நடு ஆழத்திலிருந்து ஆயில் உறிஞ்சி மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினேன். அடியிலிருந்து எடுத்தால் படிந்த குப்பை வரும், அது என்ஜினுக்குள் சுற்றும் ஆயிலின் உண்மையைச் சொல்லாது. முடிவு வந்தது. 100 டிகிரியில் 11.2 சென்டிஸ்டோக், புதியதாக இருந்தபோது 14.6. அதாவது 40 என்று ஊற்றிய ஆயில் 7,200 கி.மீ. ஓட்டத்தில் 30 ஆகிவிட்டது. டீசல் கலப்பு 7 சதவீதம், டிப்ஸ்டிக் கணக்கோடு ஒத்துப்போனது. இரும்பு 96 பிபிஎம் (பத்து லட்சத்தில் 96 பங்கு), சிலிக்கன் 41, அலுமினியம் 19. சோடியமும் பொட்டாசியமும் சொல்லும்படி இல்லை, ஆகவே கூலன்ட் கலக்கவில்லை. அமிலத்தை அடக்கும் காரத்தன்மை பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதை மட்டும் பார்த்தால் ஆயில் இன்னும் ஓடலாம் என்றே தோன்றும். ஒரு அளவை மட்டும் பார்த்து ஆயிலின் ஆயுளைச் சொல்லக்கூடாது என்பதற்கு இந்தத் தாளை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டர் மாட்டினேன். சூடான ஐடிலிங்கில் அழுத்தம் 0.4 முதல் 0.5 பார் (அழுத்த அலகு). விளக்கு மினுக்கியது நியாயம்தான். ஆனால் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தவுடன் அழுத்தம் ஒழுங்காக ஏறியது. பம்ப் தேய்ந்திருந்தால் அந்த ஏற்றம் இப்படி இருக்காது.

முதல் ஸ்டார்ட் சத்தத்துக்கு மட்டும் தனிச் சோதனை வைத்தேன். ஆயிலையும் ஃபில்டரையும் ஒரே நாளில் மாற்றினால் எது சத்தத்தை நிறுத்தியது என்று பிறகு சொல்ல முடியாது. எனவே கூடுதலாக இருந்த ஆயிலை இறக்கி அளவைச் சரிசெய்துவிட்டு, கையேட்டின் பாக எண்ணுக்கு உரிய ஃபில்டரை மட்டும் மாட்டினேன். ஐடிலிங்கில் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரவு முழுவதும் விட்டுவிட்டோம். மறுநாள் காலை தம்பி சாவியைத் திருப்பினான், நான் பானெட் அருகில் நின்றேன். கடகட சத்தம் வரவே இல்லை. உள்ளே இருந்தது அதே நைந்த ஆயில்தான்.

பழைய ஃபில்டரை அறுத்தபோது

ஃபில்டரை ரம்பத்தால் அறுக்கக்கூடாது. இரும்புத்தூள் உள்ளே விழுந்து, பேரிங்கின் தூளா ரம்பத்தின் தூளா என்று தெரியாமல் போகும். குழாய் வெட்டும் கருவி போலச் சக்கரம் வைத்த வெட்டி இருக்கிறது. விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்து மூடியைத் தனியாகக் கழற்றிவிடும்.

மூடியின் அடியில் இருந்த ரப்பர் வளையத்தை முதலில் எடுத்தேன். என்ஜின் நின்ற பிறகு ஃபில்டரில் உள்ள ஆயில் சம்புக்குத் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு அதுதான். விரலால் மடித்தேன், மடியவில்லை. நகம் போல விறைத்திருந்தது. விளிம்பில் ஓரிடத்தில் ஆயில் வடிந்த பளபளப்புக் கோடு. பக்கத்தில் புதிய ஃபில்டரின் சிலிக்கோன் வால்வை வைத்து மடித்தால் காது மடல் போல வளைந்து திரும்பியது. நைட்ரைல் ரப்பரிலும் இந்த வால்வு வரும், அது வெப்பத்தில் சீக்கிரம் இறுகும். ஃபில்டர் வாய் மேல்நோக்கித் தொங்கும் என்ஜின்களில் இந்தக் குறை அவ்வளவு தெரியாது. இந்த என்ஜினில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் பாதி ஃபில்டர் காலியாகி, ஒவ்வொரு காலையும் அது நிரம்பும் வரை பேரிங்குகளும் டர்போவும் வெறும் வயிற்றோடு சுழன்றிருக்கின்றன.

அடுத்து, தாளை மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன். ஒரு பக்கத்தில் மடிப்புகள் நெருக்கியடித்தும் மறுபக்கத்தில் விரல் நுழையும் அளவு விலகியும் இருந்தன. தாளை ஒரு நாள் வடியவிட்டு, சுத்தமான வெள்ளைத்தாளுக்கு நடுவே வைத்து வைஸில் அழுத்திப் பிழிந்து, காந்தத்தை ஓட்டிப் பார்த்தேன். செம்பு நிறமோ வெள்ளி நிறமோ மின்னும் துணுக்கு எதுவும் இல்லை. அந்த நேரம் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பேரிங் பிழைத்திருக்கிறது. வெள்ளைத்தாளில் ஒட்டியிருந்தது கரியும், விரலில் தேய்த்தால் நறநறக்கும் நுண்மணலும்.

மரை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்20, புரி இடைவெளி 1.5 மி.மீ. என்ற மரை எத்தனையோ வண்டிகளின் ஃபில்டரில் இருக்கிறது. அதனால் ஒன்றின் ஃபில்டர் இன்னொன்றில் ஏறிவிடும். ஏறுவது மட்டும்தான் பொருத்தம் என்றால் இந்த ஃபில்டரும் பொருத்தமானதே. பைபாஸ் வால்வு (ஆயில் தாளைக் கடக்க முடியாதபோது மாற்று வழி திறப்பது) ஃபில்டருக்குள் இருக்க வேண்டுமா, என்ஜின் பக்கத்திலேயே இருக்கிறதா, அது எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பதெல்லாம் மரையில் தெரியாது. கெட்டியான 15டபிள்யூ ஆயில் குளிர்ந்த காலையில் ஃபில்டர் தாளை எளிதில் ஊடுருவாது. பைபாஸ் வால்வின் ஸ்பிரிங்கும் மெலிந்திருந்தால், ஆயில் வடிகட்டப்படாமலே அந்தப் பக்கமாகத் திரும்பி நேராக பேரிங்குக்குப் போகும். இங்கே அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். இதைவிடப் பயங்கரமானதும் ஒன்று உண்டு: முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி என்ற மரையுள்ள என்ஜினில் எம்20 ஃபில்டர் ஏறிவிடுவது. புரி இடைவெளி கிட்டத்தட்ட ஒன்று, விட்டத்தில் ஒரு மி.மீ. அளவுக்குத்தான் வேறுபாடு. கைக்கு இறுகியது போலவே இருக்கும், அழுத்தம் ஏறியதும் ஓடும் வழியில் கழன்றுவிடும்.

புழுதி வந்த வழி

சிலிக்கன் 41 என்பது கண்ணை உறுத்தியது. புதிதாக கேஸ்கெட் பசை பூசியிருந்தால் அதிலிருந்தும் சிலிக்கன் ஆயிலுக்கு வரும். அப்படி எந்த வேலையும் நடக்கவில்லை. சிலிக்கனும் அலுமினியமும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து ஏறினால் அது சாலைப் புழுதிதான். மண்ணில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். சுத்தமான பக்கத்தில், ஓரமாக, மாவு தூவியது போல ஒரு மெல்லிய கோடு. ஃபில்டரின் ரப்பர் உதடு பெட்டியின் பள்ளத்தில் முழுதாக உட்காரவில்லை. தாள் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காற்றுக்குத் தாளைச் சுற்றிப் போக வழி இருந்தது. தம்பி வாரம் தவறாமல் அதைக் கழற்றிக் காற்றடித்து மாட்டுவானாம். அக்கறையோடு செய்த வேலை, அதனால் எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் உதடு தேய்கிறது, அழுத்தக் காற்று தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடுகிறது. மேலும், ஓரளவு தூசி படிந்த ஏர் ஃபில்டர் புதியதைவிட நன்றாக வடிகட்டும், படிந்த தூசியே அடுத்த தூசிக்குச் சல்லடையாகிவிடும்.

டீசல் ஃபில்டரில் குறை ஒன்றும் இல்லை. தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை வடித்தேன், அவ்வளவே.

எது காரணம், எவ்வளவு

டீசல் எப்படி ஆயிலுக்குள் போனது? இன்ஜெக்டர் கசிகிறதா என்று முதலில் பார்த்தோம். திரும்பும் டீசலின் அளவு நான்கு இன்ஜெக்டரிலும் ஒன்றுபோல இருந்தது, கம்ப்ரஷனும் சரி. ஸ்கேன் கருவியில் டிபிஎஃப்பின் பதிவு கிடைத்தது. உள்ளே சேர்ந்த கரியை எரிக்கும் சுத்திகரிப்பு, கடைசியாகத் தொடங்கிய 10 முறையில் 7 முறை பாதியில் நின்றிருக்கிறது. ஏறத்தாழ 130 கி.மீ.க்கு ஒருமுறை என்ஜின் அதைத் தொடங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

கரியை எரிக்க டிபிஎஃப்புக்குள் 600 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். அதற்காக என்ஜின், பிஸ்டன் கீழே இறங்கிய பிறகு தாமதமாகக் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறது. அது எரியாமல் புகைபோக்கிக்குப் போய் அங்கே வெப்பமாக வேண்டும். ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு, ரிங்குகளைக் கடந்து சம்புக்கு இறங்கிவிடும். பெட்ரோலாக இருந்தால் சூடான சம்பிலிருந்து பெரும்பாலும் ஆவியாகிவிடும். டீசல் கொதிக்கத் தொடங்குவதே 180 டிகிரி அளவில், முழுதும் ஆவியாக 350 டிகிரியை எட்ட வேண்டும். 100 டிகிரி சம்பில் அது போவதற்கு வழியில்லை. சுத்திகரிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தம்பி சரக்கு இறக்க என்ஜினை அணைப்பான். அடுத்த ஓட்டத்தில் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும், மறுபடி டீசல் தெளிக்கும்.

தவறான ஆயிலின் பங்கு என்ன? நேர்மையாகக் கணக்குப் போட்டேன். 1,000 கி.மீ.க்கு 100 கிராம் ஆயில் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், 1.4 சதவீதச் சாம்பல் ஆயிலில் 28,000 கி.மீ.க்கு அதிகபட்சம் 39 கிராம் சாம்பல். சி3 ஆயில் என்றால் 22 கிராம். வேறுபாடு 17 கிராம்தான். எனவே ஆயிலே எல்லாவற்றையும் கெடுத்தது என்று பட்டறை மேல் முழுப் பழியைப் போட என்னால் முடியாது. குறுகிய ஓட்டமே முதல் காரணம். ஆனால் அந்தச் சாம்பல் வெளியே போகாது, ஒவ்வொரு கிராமும் டிபிஎஃப்பின் ஆயுளிலிருந்து கழிகிறது. அது நிரம்ப நிரம்பச் சுத்திகரிப்பு அடிக்கடி வரும், டீசல் இன்னும் இறங்கும், ஆயில் இன்னும் நைந்துபோகும். சுழல் ஒன்று ஏற்பட்டுவிட்டது என்பதுதான் என் முடிவு. அதிக நாள் விட்டிருந்தால் அளவுக்கு மீறிய ஆயில் பிரீதர் (என்ஜின் அடிப்பகுதியின் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியாக என்ஜினுக்குள்ளேயே இழுக்கப்பட்டிருக்கும். டீசல் என்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும்.

காலைச் சத்தத்துக்கு ஃபில்டர் மட்டுமே காரணம். இரும்பு ஏறியதற்குப் புழுதியும் நைந்த ஆயிலும் கூட்டாகக் காரணம்.

தேர்வு

தம்பி 5டபிள்யூ-40 கேட்டான். டீசல் கலந்து நைந்தாலும் கையிருப்பு இருக்கும் என்ற அவன் வாதத்தில் நியாயம் இருக்கிறது, கையேடும் அனுமதிக்கிறது. நான் 5டபிள்யூ-30 சி3இல் நின்றேன். சி3 என்பதால் 150 டிகிரியில் அதே 3.5 இதிலும் உறுதி. குளிர்ந்த காலையில் ஃபில்டரை எளிதாகக் கடக்கும், பைபாஸ் குறைவாகத் திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்டி ஆயிலை ஊற்றி அறிகுறியை மறைத்துவிட்டு, டீசல் இறங்குவதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. டப்பாவின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்தோம். "சி3க்கு ஏற்றது" என்று பட்டும்படாமல் எழுதியவற்றைத் தள்ளிவிட்டு, சி3 தரத்தை நேரடியாக அறிவித்த, வாகன உற்பத்தியாளரின் ஒப்புதல் எண்ணும் இருந்த ஒன்றை எடுத்தோம்.

ஃபில்டரைப் பாக எண் பார்த்தே எடுத்தோம். ஃபில்டர் அட்டைப்பெட்டியில் "99 சதவீதம்" என்று மட்டும் இருந்தால் அதற்குப் பொருளே இல்லை. எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99 என்று கேட்க வேண்டும். 40 மைக்ரானில் 99 என்பது எளிது, 20இல் 99 என்பது கடினம். ஐஎஸ்ஓ 4548-12 முறையில் சோதித்ததா என்றும் பார்க்க வேண்டும். மனிதத் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன். பேரிங்கைத் தின்பவை 5 முதல் 20 மைக்ரான் துகள்கள். அதற்காகக் கிடைப்பதிலேயே நுண்ணிய தாளைத் தேடி ஓடவும் கூடாது. சீக்கிரம் அடைத்துக்கொண்டு பைபாஸ் திறந்துவிட்டால் நுண்மையால் என்ன பயன்?

வேலையின் வரிசையும் முக்கியம். அளவு சரியாக இருந்த பழைய ஆயிலோடு, சுமையில்லாமல், 40 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டி டிபிஎஃப் சுத்திகரிப்பை முழுதாக முடித்தோம். அதன் பிறகே, சூட்டோடு, ஆயிலை இறக்கினோம். புதிய ஆயிலை ஊற்றிவிட்டுச் சுத்திகரித்தால் முதல் நாளே அதில் டீசல் கலந்துவிடும். டிரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷர். ஃபில்டரைச் சில கி.மீ.க்கு முன்புதான் மாற்றியிருந்ததால் அதையே விட்டுவைத்தேன். உதடு சரியாக உட்காரும் ஏர் ஃபில்டரை மாட்டி, பெட்டியின் பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்தேன். சூடான ஐடிலிங்கில் மீட்டர் 1.1 பார் காட்டியது.

தம்பிக்கு மூன்று வேலைகள் கொடுத்தேன். ஐடிலிங் வேகம் கூடி, ரேடியேட்டர் விசிறி ஓயாமல் ஓடி, சூட்டு வாடை வந்தால் சுத்திகரிப்பு நடக்கிறது என்று பொருள், அப்போது என்ஜினை அணைக்கக்கூடாது. வாரம் ஒருமுறை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நெடுஞ்சாலை ஓட்டம். திங்கள்கிழமை காலை, குளிர்ந்த என்ஜினில், டிப்ஸ்டிக் அளவை மில்லிமீட்டரில் நோட்டில் எழுதுவது. கையேடு சாதாரண ஓட்டத்துக்கு 10,000 கி.மீ. என்றும் கடினமான ஓட்டத்துக்கு 5,000 என்றும் சொல்கிறது. இந்த வண்டிக்கு 5,000தான்.

5,000 கி.மீ. கழித்து

இரண்டாம் மாதிரி. பாகுத்தன்மை புதியதில் 12.1, இப்போது 11.4. டீசல் 2 சதவீதம். இரும்பு 38, சிலிக்கன் 14, அலுமினியம் 6. இரண்டு மாதிரிகளின் ஓட்டமும் வேறு என்பதால் 1,000 கி.மீ.க்கு எவ்வளவு என்று வகுத்தே ஒப்பிட வேண்டும்: இரும்பு 13இலிருந்து 8க்குக் கீழே, சிலிக்கன் ஏறத்தாழ 6இலிருந்து 3க்குக் கீழே. சுத்திகரிப்பு இப்போது 380 கி.மீ.க்கு ஒருமுறை வருகிறது, பாதியில் நின்றது ஒன்றே ஒன்று. காலையில் சத்தமில்லை, விளக்கு மினுக்கவில்லை. இறக்கிய ஃபில்டரை இந்த முறையும் அறுத்துப் பார்த்தேன். ரப்பர் வால்வு இன்னும் காது மடல் போலவே வளைகிறது.

நோட்டில் ஓரிடத்தில் மட்டும், இரண்டு வாரத்துக்குள் 4 மி.மீ. ஏற்றம். தேதியைப் பார்த்துத் தம்பியிடம் கேட்டேன். அந்த இரண்டு வாரமும் மழையால் நெடுஞ்சாலை ஓட்டம் போகவில்லை என்றான். வரும் மாதங்களிலும் அவன் வேலை அப்படித்தான் இருக்கும். எனவே அடுத்த மாதிரியில் பாகுத்தன்மை 11க்குக் கீழே இறங்கினால், அவன் கேட்ட 5டபிள்யூ-40 சி3க்கு மாறுவது என்று பேசி வைத்திருக்கிறோம். ஃபில்டரின் அடியில் தேதியையும் கி.மீ.யையும் பாக எண்ணையும் பெயிண்ட் பேனாவால் எழுதியிருக்கிறேன். அடுத்து யார் கழற்றினாலும் எதை மாட்ட வேண்டும் என்று அதிலேயே தெரியும்.